கீசர் சொட்டுகிறது: கழற்றிச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

வீட்டுச் சாதனங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பனி இறங்கத் தொடங்கியதும் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வரும் கடிதங்களில் கீசர்தான் முன்னால் நிற்கிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம். கீசரில் எதைத் தொடுவதற்கு முன்பும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மின்பலகையில் அந்த லைனுக்குரிய பாதுகாப்புச் சுவிட்சான எம்சிபியையும் இறக்கிவிடுங்கள். இதை ஒவ்வொரு பதிலிலும் திரும்பச் சொல்லவில்லை.

*

கேள்வி: எங்கள் 25 லிட்டர் கீசருக்கு ஆறு வயது. ஒரு வாரமாக அடியிலிருந்து சொட்டுகிறது. பார்க்க வந்தவர் கவரைக்கூடக் கழற்றாமல், "ஆறு வருஷம் ஓடிடுச்சில்லம்மா, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். அவர் பேச்சைக் கேட்கலாமா?
– வாசகி, காந்தல், ஊட்டி

பதில்: கவரைக் கழற்றாமல் சொன்ன தீர்ப்பை ஏற்க வேண்டாம். கீசரின் வயதைவிட, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இதை முடிவு செய்யும். மேலே கசிந்த தண்ணீரும் வெளிக்கூட்டின் உள்பக்கமாக வழிந்து அடிக்கவரின் ஓட்டை வழியாகத்தான் சொட்டும். ஆகவே சொட்டு விழும் இடத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் அது கசிவுதானா என்று பாருங்கள். 10 டிகிரித் தண்ணீர் ஓடும் குழாய், நீராவி நிறைந்த குளியலறையில் வியர்க்கும். வெளியே தெரியும் குழாய், நட், வால்வு எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு செய்தித்தாளைச் சுற்றிக் கட்டுங்கள். கீசரைப் போடாமல், யாரும் குளிக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு. எல்லாத் தாளும் உலர்ந்திருந்தும் அடிக்கவர் சொட்டினால் கசிவு உள்ளே இருக்கிறது.

இனி அடிக்கவரைக் கழற்றலாம். நின்ற நிலைக் கீசரில் நான்கு ஸ்க்ரூதான் இருக்கும். உள்ளே நடுவில் ஒரு வட்டத் தட்டு தெரியும். தண்ணீரைச் சூடாக்கும் காயில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், டேங்கைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் ராடு மூன்றும் அதில்தான் பொருத்தியிருக்கும். ஐந்தோ ஆறோ போல்ட் அதை டேங்கோடு இறுக்கிப் பிடித்திருக்கும். இடையில் ஒரு ரப்பர் வாஷர், கடையில் கேஸ்கெட் என்று கேட்க வேண்டும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

தட்டின் விளிம்பைச் சுற்றி ஈரமும் வெள்ளையாகவோ பழுப்பாகவோ படிவும் இருந்தால் கேஸ்கெட் போய்விட்டது. காயிலின் இரண்டு கம்பி முனைகள் வெளிவரும் இடத்தில் ஈரம் இருந்தால் காயிலின் மேலுறை ஓட்டையாகிவிட்டது. இந்த இரண்டும் மாற்றக்கூடியவை. ஆறு வயதுக் கீசருக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். கேஸ்கெட், மெக்னீசியம் ராடு, காயில் மூன்றையும் ஒரே கையாக மாற்றினாலும், கூலியோடு சேர்த்துப் புதுக் கீசர் விலையில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. போனால் பேரம் பேசுங்கள், அல்லது வேறு ஆளைப் பாருங்கள்.

தட்டு உலர்ந்திருக்கிறது, ஆனால் அதற்கு வெளியே, டேங்குக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவிலுள்ள நுரைப்பகுதி ஊறிக் கிடக்கிறது, வரும் தண்ணீரில் துருநிறம் இருக்கிறது என்றால் டேங்கே ஓட்டை. அதற்கு வைத்தியம் கிடையாது. வந்தவர் சொன்னது அப்போது சரியாகிவிடும், காரணம் மட்டும் வேறு.

புது கீசருக்குப் பணம் எடுப்பதற்கு முன் உத்தரவாத அட்டையைத் தேடிப் பாருங்கள். உள்டேங்குக்கான காலம், சாதனம் முழுவதற்குமான காலத்தைவிட நீண்டதாக இருப்பதுதான் வழக்கம். ஐந்து, ஏழு ஆண்டு கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் காலம் இன்னும் மீதியிருந்தால் தட்டை வெளியாள் கையால் திறக்க வேண்டாம், கம்பெனி சர்வீஸ் ஆளையே வரச் சொல்லுங்கள்.

கேஸ்கெட் மாற்றும்போது வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. "வால்வை மூடிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டேன், தண்ணீர் நின்னுடுச்சு, டேங்க் காலி" என்று நினைத்துத் தட்டைக் கழற்றுவார்கள். 25 லிட்டரும் தலையில் கொட்டும். வெந்நீர் வெளியேறும் குழாய் டேங்கின் உச்சியிலிருந்துதான் தண்ணீரை எடுக்கிறது. உள்ளே வரும் அழுத்தம் நின்றால் அதன் வழியாகத் தண்ணீர் இறங்காது. சரியான முறை இது: கீசரை ஆறவிட்டு, உள்வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்தே வையுங்கள். காற்று உள்ளே போக அது தேவை. பிறகு குளிர்நீர் வரும் பக்கத்தில் டேங்கை ஒட்டியுள்ள நட்டைக் கழற்றினால் அந்த வழியாக டேங்க் முழுவதும் இறங்கும். வாளியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டுவது ஒரு வாரம்கூடத் தாங்காது. தட்டும் டேங்கும் உட்காரும் விளிம்பைப் பச்சை நிறப் பாத்திரம் தேய்க்கும் நாரால் துடைத்துவிட்டு, புது கேஸ்கெட்டை வைத்து, போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தட்டு சாய்ந்து உட்காரும். டேங்கை நிரப்பி, கவரை மூடாமலே ஒருமுறை முழுக்கச் சூடாக்கிப் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் பிடித்து நிற்கும் கேஸ்கெட் சூட்டில் கசிவதுண்டு. இந்தச் சமயத்தில் கையை உள்ளே விடாதீர்கள், அங்கே கரண்ட் ஓடுகிறது.

*

கேள்வி: கீசருக்கு வரும் குழாயில் ஒரு பித்தளை வால்வு இருக்கிறது. ஹீட்டர் போட்டால் அதன் பக்கவாட்டு மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது, அணைத்தால் நின்றுவிடுகிறது. பிளம்பர் அந்த மூக்கில் ஒரு மூடி போட்டு அடைத்துவிட்டார். இப்போது சொட்டுவதில்லை. இது சரிதானா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இன்றைக்கே அந்த மூடியை எடுத்துவிடுங்கள். அதுவரை கீசரைப் போடாதீர்கள்.

அது சேஃப்டி வால்வு. தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டரை 12 டிகிரியிலிருந்து 65 வரை கொண்டுபோனால் ஏறத்தாழ அரை லிட்டர் கூடுகிறது. சூடான நீர் குளிர்நீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் கதவும் அதே வால்வுக்குள் இருப்பதால், கூடுகிற அரை லிட்டருக்கு அந்த மூக்கை விட்டால் வேறு வழியில்லை. அதாவது சூடாகும்போது சொட்டி, ஆறியதும் நிற்கும் வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மூக்கை அடைத்தால் அழுத்தம் ஏறி, முதலில் கேஸ்கெட்டையும் டேங்கின் வெல்டிங்கையும் தின்னும். அதே நாளில் தெர்மோஸ்டாட்டும் அணையாமல் ஒட்டிக்கொண்டால் டேங்க் வெடிக்கக்கூடும்.

மூக்கில் ஒரு சிறு டியூபை மாட்டி, சரிவாகக் கீழே கொண்டுவந்து குளியலறைச் சாக்கடை வாயருகே விடுங்கள். குழாயின் நடுவில் டேப் எதுவும் வைக்கக் கூடாது. ஜன்னல் வழியாக வெளியே விடவும் வேண்டாம். உறைபனி விழும் இரவில் முனையில் பனிக்கட்டி அடைத்தால் மூடி போட்டதும் அதுவும் ஒன்றுதான்.

கீசர் ஆறிக் கிடக்கும்போதும் விடாமல் சொட்டினால் அது கோளாறு. வால்விலுள்ள சிறு கைப்பிடியை இரண்டு மூன்று முறை தூக்கி விடுங்கள். இடுக்கில் உட்கார்ந்த மண் துகள் அடித்துக்கொண்டு போகும். அப்போதும் நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள். சில நூறு ரூபாய்தான். மாற்றும்போது பழைய வால்வில் பொறித்திருக்கும் அழுத்த அளவே புதியதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் கீசர்களில் பெரும்பாலும் 8 பார் இருக்கும். புது வால்வும் சொட்டினால் வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகம். அதைப் பற்றி அடுத்த பதிலில் பாருங்கள்.

*

கேள்வி: நாலு வருஷத்தில் இரண்டாவது கீசர் டேங்க் ஓட்டை. கோவையில் என் தங்கை வீட்டில் இதே கம்பெனி, இதே மாடல், பத்து வருஷமாக ஓடுகிறது. அவர்கள் வீட்டில் உப்புத்தண்ணீர் வேறு. எங்களுக்கு ஓடைத் தண்ணீர், பன்னீர் மாதிரி இருக்கும். என்ன குறை?
– வாசகர், குன்னூர்

பதில்: பன்னீர் மாதிரி இருப்பதுதான் குறை. கீழ்நாட்டில் போர்வெல் தண்ணீரின் உப்பு காயில்மேல் படிந்து காயிலைக் கொல்லும். டேங்கின் உள்சுவரிலும் அந்தப் படிவு ஒரு பூச்சாக ஒட்டிக்கொண்டு ஓரளவு காப்பாற்றும். மலையில் ஓடை, சுனை நீர் மென்னீர். படிவே விழாது. அத்தோடு பல இடங்களில் லேசான அமிலத்தன்மையும் உண்டு. காயில் பளிச்சென்று இருக்கும்போதே டேங்க் அரித்துப்போவது இதனால்தான். மீன்தொட்டி சாமான் விற்கும் கடையில் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாள் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 6.5 முதல் 8.5 வரை. 6.5க்குக் கீழே காட்டினால் உலோகத்துக்கு ஆகாத தண்ணீர். பித்தளைக் குழாயடியில் பச்சை நீலக் கறை படிகிறதா? அதுவும் அதே செய்திதான்.

டேங்குக்குள் இருக்கும் மெக்னீசியம் ராடு, இரும்புக்குப் பதிலாகத் தானே அரிபட்டு டேங்கைக் காப்பாற்றுகிறது. உள்ளே பூசிய கண்ணாடிப் பூச்சில் ஊசி முனையளவு விடுபட்ட இடங்கள் எப்படியும் இருக்கும். அந்த இடங்களுக்கு ராடுதான் காவல். ராடு தீர்ந்த நாளிலிருந்து அங்கே துரு தொடங்கும். இரண்டு கீசரிலும் ராடை ஒருமுறைகூட மாற்றியிருக்க மாட்டீர்கள் என்பது எங்கள் ஊகம். வாங்கிய முதல் ஆண்டு முடிவில் தட்டைக் கழற்றி ராடைப் பாருங்கள். பருமன் பாதிக்குக் கீழே போயிருந்தால், அல்லது நடுவிலுள்ள இரும்புக் கம்பி எங்கேனும் தலைகாட்டினால், மாற்றுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த ஆண்டு பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். அலுமினிய ராடு விலை மலிவு என்று கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உப்பு குறைந்த தண்ணீரில் மெக்னீசியம்தான் வேலை செய்யும்.

இன்னொன்று, உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேட்டுச் சுனையிலிருந்து நேராகக் குழாய் போட்டுக் கீசருக்குக் கொடுத்திருந்தால், ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் 1 பார் அழுத்தம் சேரும். சுனை 60 மீட்டர் மேலே இருந்தால் கீசரில் 6 பார் எப்போதும் நிற்கிறது. சேமிப்புக் கீசரின் தகட்டில் 0.8 எம்பிஏ என்று போட்டிருந்தால் அது 8 பார். இன்ஸ்டன்ட் கீசர்களில் 0.65 எம்பிஏ, அதாவது 6.5 பார், என்று போட்டிருக்கும். பார்த்தால் அளவுக்குள் இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் நெம்புகோல் வகைக் குழாயைப் பட்டென்று மூடும்போது நீர் அடித்துத் திரும்பும் அதிர்ச்சி அந்த அழுத்தத்தைக் கணநேரம் பல மடங்கு ஏற்றும். குழாயை மூடும்போது சுவருக்குள் "டங்" என்று சத்தம் கேட்டால் இதுதான்.

இதற்குச் செலவு குறைந்த வழி, மேட்டு லைனை நேராகக் கீசருக்கு விடாமல், கூரைமேல் ஒரு தொட்டி வைத்து, மிதவை வால்வு வழியாக அதை நிரப்பி, அங்கிருந்து கீசருக்கு இறக்குவது. அழுத்தம் 0.3, 0.4 பாருக்கு வந்துவிடும். தொட்டி வைக்க இடமில்லாத வீட்டில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றை வாங்கி 3 பாருக்கு வையுங்கள். அதற்கு முன்னால் ஒய் ஸ்ட்ரெய்னர் என்னும் வடிகட்டி கட்டாயம். மழைக்காலச் சேறு ஒரே மாதத்தில் அந்த வால்வை அடைத்துவிடும்.

மூன்றாவது கீசர் வாங்கும்போது செம்பு டேங்க் கொண்ட பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். அமிலத் தண்ணீர் செம்பையும் கரைக்கும். கண்ணாடிப் பூச்சு டேங்கில் பெரிய ராடு உள்ளதாகப் பாருங்கள், அல்லது உள்ளே பாலிமர் பூச்சு உள்ளதை எடுங்கள்.

*

கேள்வி: டேங்கில் சின்ன ஓட்டைதான். எம்சீல் வைத்து அடைக்கலாமா? இல்லை வெல்டிங்?
– வாசகர், மஞ்சூர்

பதில்: இரண்டும் வேண்டாம். எம்சீல் சூடாவதும் ஆறுவதுமாகச் சில வாரத்தில் விட்டுவிடும். வெல்டிங் வைத்தால் அந்த இடத்தைச் சுற்றி உள்ளே இருக்கும் கண்ணாடிப் பூச்சு உதிர்ந்து, பக்கத்திலேயே புது ஓட்டை விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கை மட்டும் ஆர்கான் வெல்டிங் செய்யலாம். ஆனால் நுரையைச் சுரண்டி எடுத்து, வெல்டிங் வைத்து, திரும்பக் காப்புச் செய்து மாட்டும் கூலிக்குப் பாதிக் கீசர் வாங்கிவிடலாம்.

*

கேள்வி: நாங்கள் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சீசன் இல்லாத மாதங்களில் நான்கு அறைகள் பூட்டியே கிடக்கும். திறந்து கீசரைப் போட்டால் ஒன்று ஆர்சிசிபி (கரண்ட் ஒழுகினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது, இல்லையென்றால் அடியில் கசிகிறது. ஒவ்வொரு சீசனுக்கும் காயில் மாற்றிச் செலவு தாங்கவில்லை.
– வாசகி, வில்பட்டி, கொடைக்கானல்

பதில்: மாற்றிய காயில்களில் பலவும் நல்ல காயிலாகவே இருந்திருக்கும். காயிலின் உலோகக் குழாய்க்குள், கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடி அடைத்திருக்கும். மாதக்கணக்கில் மூடுபனியில் சும்மா கிடந்தால் முனை வழியாக அந்தப் பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கீசரின் உலோக உடலுக்கு ஒழுகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உடனே விழும். விழுவது நல்லதுதான், அதைப் பைபாஸ் செய்யச் சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அடிக்கவரைக் கழற்றி, ஒயர்களை விடுவித்து, காயில் முனைகளுக்கு ஹேர் டிரையரால் கால் மணி நேரம் சூடு காட்டச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனிடம் மின்காப்பை அளக்கும் மெகர் இருந்தால் முனைக்கும் உடலுக்கும் நடுவே அளக்கட்டும். 1 மெகா ஓமுக்கு மேல் ஏறினால் அந்தக் காயில் பிழைத்துவிட்டது. இரண்டு முனைகளுக்கும் நடுவே சாதாரண மீட்டரில் ஏறத்தாழ 26 ஓம் காட்ட வேண்டும், 2000 வாட் காயிலுக்கு அதுதான் கணக்கு. எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. சூடு காட்டியும் உடலுக்குக் கரண்ட் ஒழுகினால் மேலுறை ஓட்டை. இந்த இரண்டில்தான் காயிலை மாற்ற வேண்டும்.

அடியில் கசிவதற்குக் காரணம் கேஸ்கெட். சூடு கிடைக்காமல் கிடந்த ரப்பர் சுருங்கி இறுகியிருக்கும். போல்ட்களைக் கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம், அதற்கு மேல் முறுக்கினால் போல்ட் அறுந்துவரும். இரண்டு வயதுக்கு மேலான கேஸ்கெட் என்றால் இறுக்கிக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

பூட்டும்போது டேங்கைக் காலி செய்துவிட்டுப் போவது நல்லது, வெளிச்சுவரில் ஓடும் குழாயையும் சேர்த்து. திறந்ததும் யாராவது அவசரத்தில் காலி டேங்குக்குச் சுவிட்ச் போட்டால் காயில் ஒரு நிமிடத்தில் கருகும். ஆகவே சுவிட்சின் மேல் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டிவையுங்கள். வெந்நீர்க் குழாயில் காற்று துப்பாமல் ஒரே சீராகத் தண்ணீர் வந்த பிறகே போட வேண்டும். முதல் டேங்கை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஜன்னலைத் திறந்துவைத்து, முழுவதையும் கொட்டிவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் வளரும் கிருமி ஷவர் நீர்த்துளிகளோடு விருந்தினரின் நுரையீரலுக்குப் போகாமலிருக்க இது தேவை.

*

கேள்வி: கசிவெல்லாம் இல்லை. சூடாகத்தான் நேரம் எடுக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல். காயில் வீக் ஆகிவிட்டது என்கிறார்கள்.
– வாசகர், எடக்காடு

பதில்: காயில் வீக் ஆவதென்று ஒன்று இல்லை. இருந்தால் முழுச் சூடு, அறுந்தால் சுத்தமாக இல்லை. மாலையில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் இழுக்கும் காயில் 180 வோல்ட்டில் ஏறத்தாழ 1225 வாட்தான் தரும். 12 டிகிரித் தண்ணீர் 25 லிட்டர் 60க்கு வர, சரியான வோல்டேஜில் 42 நிமிடம். 180இல் 70 நிமிடத்தை நெருங்கும். காயில் மாற்றினால் காசுதான் போகும். விடிகாலை நாலு மணிக்கு வோல்டேஜ் நன்றாக இருந்தால் டைமர் சுவிட்ச் வையுங்கள்.

*

கேள்வி: பழைய 15 லிட்டர் டேங்க் ஓட்டையாகிவிட்டது. நாலு பேர் இருக்கிறோம். 25 வாங்கவா, இன்ஸ்டன்ட் போதுமா? கடைக்காரர் 3 லிட்டர் இன்ஸ்டன்ட்டே போதும், கரண்ட் மிச்சம் என்கிறார்.
– வாசகி, லவ்டேல்

பதில்: மேட்டுப்பாளையத்தில் இருந்தால் கடைக்காரர் சொல்வது சரி. 28 டிகிரித் தண்ணீரை 40க்கு ஏற்ற 12 டிகிரி போதும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் கொடுக்கும். உங்கள் ஊரில் குளிர்காலத் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்தால், 28 டிகிரி ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் வரும். ஒரு வாளி நிரம்ப 13 நிமிடம். குழாயை விரலளவு திறந்துவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கரண்ட் மிச்சம் என்பதும் அரைகுறை உண்மை. ஒரே அளவு தண்ணீரை ஒரே அளவு சூடாக்க எந்தக் கீசருக்கும் ஒரே யூனிட்தான் ஆகும். சேமிப்புக் கீசரில் தண்ணீரைச் சூடாக்கி வைத்துவிட்டுக் குளிக்காமல் இருக்கும் நேரத்தில் வீணாகும் சூடுதான் வித்தியாசம். தேவைப்படும்போது போட்டு, குளித்ததும் அணைத்தால் அது பெரிதல்ல.

20 லிட்டர் வாளியில் 40 டிகிரி வேண்டுமானால், 60 டிகிரி வெந்நீர் 12 லிட்டர் அளவுக்குக் கலக்க வேண்டும். ஆகவே 25 லிட்டர் கீசர் ஒருமுறை சூடானால் இரண்டு வாளி. 15 லிட்டரில் ஒன்றுதான், பாக்கி மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள். நாலு பேருக்கு 25 எடுங்கள், இருவர் குளித்ததும் முக்கால் மணி நேர இடைவெளி விடுங்கள். எல்லோரும் எட்டு மணிக்குக் கிளம்பும் வீடென்றால் 35. ஒருமுறை முழுக்கச் சூடாக 25 லிட்டருக்கு 1.4 யூனிட் ஆகும். தனி 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். வெந்நீர் லைன் சாதாரண பிவிசி என்றால் சூடு தாங்கும் சிபிவிசி குழாய்க்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த கசிவு கீசரில் அல்ல, சுவருக்குள் வரும்.

*

கேள்வி: தாத்தா காலத்துச் செம்பு விறகு பாய்லர். அடியில் கசிந்து நெருப்பு அணைகிறது. பழைய பாத்திரக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகர், பூம்பாறை

பதில்: கொடுக்காதீர்கள், முதலில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். சாம்பலைத் தட்டி, வெளிப்பக்கமும் நடுவிலுள்ள புகைக்குழாயின் உள்பக்கமும் சுத்தமாகத் துடைத்து, சுண்ணாம்புக் கரைசல் பூசி உலரவிடுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பினால் கசியும் இடத்தில் வெள்ளைமேல் ஈரக்கோடு விழும். பெரும்பாலும் புகைக்குழாயும் அடித்தகடும் சேரும் பற்றில்தான் விழும். தண்ணீர் குறைந்திருக்கும்போது விறகு வைத்தால் ஈயப்பற்று உருகிவிடும், 180 டிகிரிச் சூடே அதற்குப் போதும்.

ஈயத்தை வைத்தே மறுபடி ஒட்டச் சொல்லாதீர்கள். திரும்பவும் உருகும், குளிக்கும் தண்ணீரிலும் ஈயம் சேரும். செம்பு–பாஸ்பரஸ் கம்பியால் கேஸ் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். ஏசி, ஃபிரிட்ஜ் வேலை பார்ப்பவர்களிடம் இந்தக் கம்பி இருக்கும். 700 டிகிரிக்கு மேல்தான் அது உருகும், ஆகவே உள்ளே தண்ணீர் இருக்கும்வரை விறகு நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. பற்றவைப்பதற்கு முன் புகைக்குழாயின் உள்சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால் தகடு மெலிந்துவிட்டது, ஒட்டுப்போட்டுப் பயனில்லை. புகைக்குழாயை மட்டும் புதிதாகச் செய்து மாட்டலாம். வெளிக்கூடும் அப்படி மெலிந்திருந்தால்தான் பாத்திரக்காரரைக் கூப்பிட வேண்டும்.

*

கேள்வி: கேஸ் கீசரில் தண்ணீர் ஒழுகுகிறது. குளியலறைக்குள்ளேயே மாட்டியிருக்கிறோம். பழுது பார்க்க எவ்வளவு ஆகும்?
– வாசகி, எமரால்டு

பதில்: செலவைப் பிறகு பார்ப்போம், முதலில் அதைக் குளியலறையிலிருந்து வெளியே எடுங்கள். உங்கள் உயரத்தில் காற்றின் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. குளிருக்குப் பயந்து ஜன்னலையும் கதவிடுக்கையும் அடைத்துவிட்டால் கேஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் வாசனையும் கிடையாது. தலை சுற்றியதும் கதவைத் திறக்கலாம் என்று நினைப்பவர்களுக்குத் தாழ்ப்பாள்வரை போகத் தெம்பு இருக்காது. கூரைக்கடியில் காற்றோட்டமான வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். நீலச் சுடர் மஞ்சளானால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

ஒழுகுவது கீழே உள்ள தண்ணீர் வால்விலிருந்து என்றால் உள்ளே ஒரு வட்ட ரப்பர் கிழிந்திருக்கும், மாற்றினால் தீரும். மேலே செம்புக் குழாய்ச் சுருள் பிளந்திருந்தால் உறைபனிதான் காரணம். தண்ணீர் உறைந்தால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பருக்கும். சுருளின் விலை புதுச் சாதனத்தில் பாதியை நெருங்கினால் புதிதே வாங்குங்கள். வெளியே மாட்டிய பிறகு டிசம்பர், ஜனவரி இரவுகளில் உள்வரும் வால்வை மூடி, அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை இறக்கிவிட்டுப் படுங்கள்.

*

கேள்வி: பழைய காலத்து வீடு, கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர். 25 லிட்டர் கீசரைத் தாங்குமா?
– வாசகர், கேத்தி

பதில்: தண்ணீர் நிறைந்தால் ஏறக்குறைய 35 கிலோ. விரியும் போல்ட் மண்சாந்தில் பிடிக்காது, கொஞ்ச நாளில் இளகும். இளகிய கீசர் முன்னால் சாயும்போது குழாய் நட்டில்தான் முதலில் கசிவு தெரியும். அதை வாஷர் கோளாறு என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சுவரின் மறுபக்கம்வரை துளைத்து, நீளத் திருகுக் கம்பி போட்டு, பின்னால் கையகலத் தகடு வைத்து நட் முடுக்குங்கள். சுவர் இரண்டடிக்கு மேல் தடிமனென்றால் துளைக்க வேண்டாம். ஆங்கிள் இரும்பில் தரையில் ஊன்றும் தாங்கி செய்து அதன்மேல் மாட்டிவிட்டு, மேலே சாயாமலிருக்க மட்டும் சுவரில் ஒரு பிடி கொடுத்தால் போதும்.